கைவிடுதலும் கையை விடுதலும்

குழந்தையொன்றை நீருக்குள் அழைத்துச் செல்பவர் அக்குழந்தைக்கு எதனை வாக்களிக்கின்றார் என்னும் வினா அறவியல் நூல்களில் அரிதாகவே எழுப்பப்படுகின்றது. நீரில் வீழ்ந்த குழந்தையைத் தூக்கிவிடுதல் கடமையா என்பதுபற்றி மெய்யியலாளர் பலர் பேசியுள்ளனர். இன்னும் வீழாத குழந்தையின் அருகில் நிற்பவரது கடமை யாது என்பதுபற்றிப் பேசியோர் மிகச் சிலரே. ஆயினும் பெற்றோரின் வாழ்நாள் பெரும்பாலும் இவ்விரண்டாவது நிலையிலேயே கழிகின்றது. நீந்தத் தெரியாத சிறு குழந்தையுடன் நீர்ப்பூங்காவுக்குச் செல்லும் ஒரு குடும்பத்தின் ஒருநாட் பொழுதை முன்வைத்து இவ்வினாவை ஆராயலாம். விளையாட்டிடமொன்றை அறவியல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு நகைப்பைத் தரக்கூடும். மனிதர் தமது காவலைத் தளர்த்துவதற்கென்றே பணங்கொடுத்துச் செல்லும் இடம் அது. காவலின் இயல்பு அங்கேதான் நன்கு புலப்படும்.

நீர்ப்பூங்கா மிகவும் புதியதொரு நிறுவனம். புடாபெஸ்ற் நகரின் கெல்லேர்ட் நீராடுமிடத்தில் 1927ஆம் ஆண்டிலேயே செயற்கை அலைத் தடாகம் அமைக்கப்பட்டதெனினும், சறுக்குகளும் அலைத் தடாகமும் ஒருங்குசேர்ந்த இன்றைய வடிவத்துக்கு முன்னோடியாகக் கொள்ளப்படுவது, ஐக்கிய அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரில் ஜோர்ஜ் மில்லே என்பவர் 1977இல் தொடங்கிய ‘வெற் அண்ட் வைல்ட்’ பூங்காவாகும். அப்பூங்கா 2016இன் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் வடிவம் அதற்கு முன்னரே உலகெங்கும் பரவிவிட்டது. இலங்கையின் மேல்மாகாணத்திலும் இத்தகைய பூங்காக்கள் உள்ளன. வடக்கிலும் கிழக்கிலுமிருந்து விடுமுறைக்குக் கொழும்பு செல்லும் குடும்பங்கள் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வது இன்று புதுமையன்று.

பழைய நீர்நிலைகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறு தன் அபாயத்தை மறைப்பதில்லை. கட்டில்லாத கிணற்றின் ஓரத்தில் நின்று எட்டிப்பார்க்கும் குழந்தைக்கு அதன் ஆழமே அச்சத்தைத் தரும். அவ்வச்சம் போதாதென்று கருதிய மூதாட்டியர் கிணற்றுக்குள் முனி இருப்பதாகவும் கதை கட்டினர். குளத்துக்கும் கடலுக்கும் இவ்வாறே கதைகள் இருந்தன. நீர்ப்பூங்காவிலோ நீர் வண்ணம் பூசப்பட்டு நிற்கின்றது. தவளையின் வாயிலிருந்து அது கொட்டுகின்றது. காளானின் குடையிலிருந்து வழிகின்றது. தளம் நீலமாகத் துலங்குகின்றது. இங்கு முனிக்கு இடமில்லை. அபாயம் முழுவதையும் யாரோ முன்கூட்டியே எண்ணி அகற்றிவிட்டனர் என்னும் நம்பிக்கை வாயிலில் வாங்கும் நுழைவுச்சீட்டோடு சேர்ந்தே கிடைத்துவிடுகின்றது. உண்மையில் அகற்றப்பட்டவை கல்லும் சேறும் பாசியுமே. நீர் நீராகவே இருக்கின்றது.

ஒரு தந்தையைக் கருதுக. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். மகளுக்கு வயது ஐந்து, நீந்தத் தெரியாது. மனைவி கைக்குழந்தையோடு நிழலில் அமர்ந்திருக்கின்றார். சித்தப்பா ஒருவரும் பெரியம்மா ஒருவரும் உடன் வந்துள்ளனர். மகளின் இரு புயங்களிலும் காற்றூதிய பட்டைகள். தடாகத்தின் படியில் இறங்கியதும் நீர் அவளது வயிற்றைத் தொடுகின்றது. “அப்பா, விடாதேங்கோ!” என்கின்றாள். “பிடிச்சிருக்கிறன், பயப்பிடாதை பிள்ளை” என்கின்றார் தந்தை. அரைமணி நேரத்தின் பின் அதே குழந்தை அதே நீரில் நின்று, “அப்பா, விடுங்கோ, நான் தனியப் போறன்” என்கின்றாள்.

இவ்விரு வேண்டுகோள்களுள் எதற்கு அவர் கட்டுப்பட்டவர்? முதலாவது அச்சத்திற் பிறந்தது. இரண்டாவது மகிழ்ச்சியிற் பிறந்தது. இரண்டும் நீரின் ஆழத்தை அறிந்து எழுந்தவை அல்ல. வளர்ந்த ஒருவர் அபாயமுள்ள செயலொன்றுக்கு உடன்படும்போது, தாம் எதற்கு உடன்படுகின்றார் என்பதை ஓரளவேனும் அறிந்திருக்கின்றார். அவ்வறிவினால் அச்செயலின் பொறுப்பில் ஒரு பங்கு அவரைச் சார்கின்றது. குழந்தையிடம் இருப்பது உடன்பாடன்று, நம்பிக்கை. நம்பிக்கை வைத்தவரிடம் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள இயலாது. “அவள்தானே விடச் சொன்னாள்” என்று கூறும் தந்தை எவ்வுலகிலும் மன்னிக்கப்படமாட்டார்.

இவ்விடத்தில் நீரில் மூழ்குதல் என்பது யாது எனச் சற்று நோக்குதல் வேண்டும். திரைப்படங்கள் பொதுமக்களின் அறிவைக் கெடுத்து வைத்துள்ளன. மூழ்குபவர் கைகளை வீசிக் கூக்குரலிடுவார் என்பது அவை கற்பித்த பாடம். நியூயோர்க்கின் ஓச்சாட் கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய பிராங்க் பியா, நீந்தத் தெரியாதோர் மூழ்கும் முறையைப் பல ஆண்டுகள் நோக்கி, தம் அவதானிப்புகளை 1974இல் வெளியிட்டார். அவர் கண்டது முற்றிலும் வேறு. மூழ்குபவருக்கு மூச்செடுப்பதற்கே அவகாசமில்லாமையால் குரலெழுப்ப முடிவதில்லை. கைகள் உதவிக்கு அசைவதில்லை. உடலை மேலே தள்ளுவதற்காக இருபுறமும் நீரை அழுத்துகின்றன. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக மாறிமாறிச் செல்கின்றது. இந்நிலை 20 முதல் 60 வினாடிகள்வரையே நீடிக்கும். சிறு குழந்தைகளில் இன்னும் விரைவில் முடிந்துவிடும். அருகில் நின்று நோக்கும் பழக்கமற்ற ஒருவருக்குக் குழந்தை விளையாடுவதாகவே தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2024 டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் கிட்டத்தட்ட நாலிலொரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டோர்.

மூழ்குதல் ஓசையற்றது என்பது அறவியலுக்கும் தொடர்புடைய செய்தியாகும். ஓசை எழும் அபாயமாயின் காது காவல் செய்யும்; காவலர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். ஓசையற்ற அபாயத்துக்குக் கண்தான் காவல். கண்ணுக்கு ஒரு குறைபாடு உண்டு. அது ஒருநேரத்தில் ஒன்றையே பார்க்கும்.

இனி, அத்தந்தை தனியாக வரவில்லை என்பதை நினைவுகூர்க. தடாகத்தைச் சுற்றி அக்குழந்தைக்குப் பொறுப்பானோர் நால்வர். உயர்ந்த இருக்கையில் அமர்ந்திருக்கும் உயிர்காப்பாளருடன் ஐவர். பொதுப்புத்தி கூறுவது, ஐவர் பார்த்தால் ஒருவர் பார்ப்பதிலும் ஐந்து மடங்கு காவல் என்பதாகும். நடைமுறை இதற்கு மாறாகவே அமைகின்றது. பெரியம்மா துவாயெடுக்கப் போகும்போது, “சித்தப்பா நிற்கிறார்தானே” என நினைக்கின்றார். சித்தப்பா, தந்தை நிற்கின்றார் என நினைக்கின்றார். தந்தைக்குக் கைத்தொலைபேசியில் அழைப்பு வருகின்றது. உயிர்காப்பாளர் இருக்கின்றார் என நினைக்கின்றார். உயிர்காப்பாளரின் கண்முன் அவ்வேளை நூறு குழந்தைகள். 1968ஆம் ஆண்டில் ஜோன் டார்லி, பிப் லற்றானே என்னும் இரு அமெரிக்க உளவியலாளர் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். அடுத்த அறையிலிருப்பவர் வலிப்புற்றுத் தவிப்பதைத் தாம் ஒருவரே கேட்பதாக நம்பியோருள் 85 சதவீதத்தினர், அவ்வோசை அடங்குமுன்னரே உதவி நாடி எழுந்தனர். வேறு நால்வரும் கேட்கின்றனர் என நம்பியோருள் அவ்வாறு எழுந்தோர் 31 சதவீதத்தினர் மாத்திரமே. இவர்கள் கல்நெஞ்சர் அல்லர். பொறுப்பைத் தம்மையறியாமற் பிறர்மேற் பங்கிட்டுவிட்டனர், அவ்வளவே.

பத்து ரூபாக் கடனை இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு ஐந்து ரூபா மிஞ்சும். காவலை அவ்வாறு பகிர்ந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இதனை எழுத்தறிவு குறைந்த கிராமங்களிற்கூடச் செயன்முறையில் உணர்ந்துள்ளனர். வங்காளதேசத்தின் கிராமங்களில் வீட்டைச் சுற்றிலும் குட்டைகள். காலையில் 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையில், தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் வேளையிலேயே, சிறு குழந்தைகள் பெரிதும் அவற்றில் வீழ்ந்து இறந்துவந்தனர். அவ்வீடுகளில் ஆட்கள் இல்லாமலில்லை; பாட்டி இருப்பாள், அக்காள் இருப்பாள். இதற்கு மாற்றாக அங்கு அமைக்கப்பட்ட பகற்காப்பகங்களில், அவ்வூரைச் சேர்ந்த ஒரு பெண் அந்த நான்கு மணிநேரமும் குழந்தைகளைப் பார்ப்பதையே தன் வேலையாகக் கொள்கின்றாள். காப்பகத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஆஞ்சல்’. வங்கமொழியில் அதற்குச் சேலைத் தலைப்பு என்பது பொருள். இன்னார் பார்க்கின்றார் எனப் பெயர் சொல்லிக் குறிக்கத்தக்க ஒருவர் இருத்தலே அங்கு செய்யப்பட்ட பெரிய மாற்றமாகும்.

மெய்யியலாளர்பால் மீண்டும் வருவோம். கி.மு. நான்காம் நூற்றாண்டுச் சீன அறிஞர் மென்சியஸ், கிணற்றில் விழப்போகும் குழந்தையைத் திடீரெனக் காணும் எவரும் பதைபதைப்பர் என்றார். பெற்றோரின் நட்பைப் பெறவோ ஊராரின் புகழைப் பெறவோ அவர்கள் பதைப்பதில்லை எனவும், மனிதரிடம் இரக்கம் இயல்பாகவே உண்டு என்பதற்கு அதுவே சான்று எனவும் வாதித்தார். 1972இல் அவுஸ்திரேலியரான பீற்றர் சிங்கர், ஆழமற்ற குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றுகையில் உடை சேறாகும் என்பது தயங்குவதற்குரிய காரணமாகுமா என வினவி, அதிலிருந்து தொலைநாட்டுப் பஞ்சத்தில் வாடுவோருக்கு உதவும் கடமையை நிறுவ முயன்றார். இரு வாதங்களும் வலிமையுடையன. இரண்டிலும் வருபவர் வழிப்போக்கர். இரண்டிலும் குழந்தைக்குப் பெயரில்லை. பெற்றோர் மென்சியஸிடத்தில் ஒரு சொல்லளவில் மட்டுமே வருகின்றனர். சிங்கரின் குளக்கரையில் அவர்கள் அறவே இல்லை. கிணற்றை நோக்கித் தவழ்ந்து செல்லுதல் குழந்தையின் குற்றமன்று என மென்சியஸ் பிறிதோரிடத்திற் கூறுகின்றார். அது யாருடைய குற்றம் என்பதை அவர் அங்கு தொடரவில்லை.

மீட்டல் ஒரு நிகழ்ச்சி. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. செய்தவருக்குப் பாராட்டும் உண்டு. காவலோ ஒன்றும் நிகழாதிருத்தலையே பயனாக உடையது. அந்தத் தந்தை மூன்று மணிநேரம் மகளைவிட்டுக் கண்ணெடுக்காமல் நின்றிருந்தால் மாலையில் அதற்கு எவ்விதத் தடயமும் இராது. கண்ணெடுத்திருந்து, நல்லூழினால் எதுவும் நேராதிருந்தாலும் தடயமிராது. கவனமுடையவரும் கவனமற்றவரும் ஒரேவிதமாகக் குழந்தையோடு வீடு திரும்புகின்றனர். பயனைக்கொண்டே செயலை அளக்கும் கோட்பாட்டாளருக்கு இது இடர்ப்பாடானது. ஆயினும் இருவரும் ஒரேவித அறமுடையோர் எனக் கூற எவர் மனமும் இசையாது.

‘இவ்வளவு அபாயமிருப்பின் நீரை அணுகாதிருத்தலே நன்று’ என்பார் உளர். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பியோர் தம் பிள்ளைகளைக் கடலருகே விட அஞ்சியதில் வியப்பில்லை. ஆயினும் அதே பேரழிவு மற்றொன்றையும் வெளிப்படுத்தியது. ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பு, ஆராயப்பட்ட பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக இறந்தனர் எனக் காட்டியது. இலங்கையைப் பொறுத்தவரை அது கூறிய காரணங்களுள் ஒன்று, நீந்துதலும் மரமேறுதலும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே கற்பிக்கப்பட்டமையாகும். பெண்பிள்ளைகளை நீரிலிருந்து விலக்கி வளர்த்தவர்களும் அன்பினாலேயே அவ்வாறு செய்தனர். ஒழுக்கம், கூச்சம், பாதுகாப்பு எனப் பல பெயர்களில் அவ்வன்பு வழங்கிற்று. விலக்கிவைக்கப்பட்ட கை நீந்த அறியாதிருந்தது.

ஜோயல் பைன்பேர்க் என்னும் அமெரிக்க மெய்யியலாளர் 1980இல் எழுதிய கட்டுரையொன்றில், குழந்தைக்குத் திறந்த எதிர்காலத்துக்கான உரிமை உண்டென்றார். வளர்ந்தபின் பயன்படுத்தவேண்டிய உரிமைகளைப் பெற்றோர் அதுவரை அறக்காவலர்போல் வைத்திருந்து ஒப்படைத்தல் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். இதன்படி அந்தத் தந்தையின் கையில் இரண்டு பொருள்கள் உள. ஒன்று மகளின் இன்றைய உயிர். மற்றொன்று, இருபது வயதில் எதிர்பாராத வெள்ளத்தில் அவளைக் கரைசேர்க்கக்கூடிய திறன். ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றை என்றென்றைக்கும் பூட்டிவைக்கும் உரிமை அவருக்கில்லை. நீர்ப்பூங்கா நீச்சல் கற்பிக்கும் இடமன்று என்பது உண்மையே. ஆனால் நீரின்மேலுள்ள வெருட்சி நீங்கும் முதலிடமாக அது பல குழந்தைகளுக்கு அமைகின்றது.

அவ்வாறு அமைவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அங்கு யாருடைய இன்பம் நாடப்படுகின்றது என்பது தெளிவாயிருத்தல் வேண்டும். “இவ்வளவு காசு குடுத்து வந்தனாங்கள், ஒருக்கா ஏறிப் பாரன்” என அழும் குழந்தையைச் சறுக்கின் உச்சிக்குத் தள்ளும் பெற்றோரை எந்தப் பூங்காவிலும் காணலாம். சறுக்கின் அடியிலுள்ள பலகை குழந்தையின் உயரத்தையே அளக்கின்றது. குழந்தை நீந்துமா என்பதை அப்பலகை அறியாது. நுழைவுச்சீட்டின் விலையும் அறியாது.

இப்பொழுது கடினமான இடத்துக்கு வருகின்றோம். கீரிமலைக் கேணியிலும் ஊர்க் குளங்களிலும் நீந்தப் பழகியோருட் பலர் ஒரு பொய்யினாலேயே பழகினர். வயிற்றின்கீழ்க் கையை வைத்துத் தாங்கிய மாமன், “பிடிச்சிருக்கிறன், அடி, காலை அடி” என்று சொல்லிக்கொண்டே மெல்லக் கையை எடுத்துவிடுவார். பிள்ளை நான்கு முழம் சென்றபின்னரே தன்னை எவரும் பிடிக்கவில்லை என்பதை அறியும். இஃது அறமாகுமா? கான்ற் 1797இல் எழுதிய கட்டுரையில், கொலைஞனிடமிருந்து நண்பனைக் காப்பதற்குங்கூடப் பொய்யுரைத்தலாகாது என்றார். அவரிடம் அந்த மாமனுக்குப் புகலிடமில்லை. வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைப் பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் கருத்தை வைத்துள்ளார். அவரிடம் புகலிடம் உண்டு. ஆனால் வாயில் குறுகியது. நன்மை என்பதோடு அவர் நிறுத்தவில்லை. அது குற்றமற்றதாதல் வேண்டும் என்கிறார்.

அக்குற்றமின்மையை எங்ஙனம் அறிவது? தமிழ்மொழியே இதற்கு ஒரு வழி காட்டுகின்றது. ‘கையை விடுதல்’ என்பதும் ‘கைவிடுதல்’ என்பதும் ஒலியளவில் நெருங்கியவை, பொருளளவில் எதிரெதிரானவை. முன்னையது விரல்கள் செய்வது. பின்னையதை விரல்கள் தொட்டபடியே இருக்கையிலும் ஒருவர் செய்துவிடலாம். கையை எடுத்தபின்னும் ஒரு சாண் தூரத்தில் விரித்த கரங்களோடு பிள்ளையின் வாயையும் மூக்கையும் பார்த்தபடி நகரும் மாமன் கையை விட்டார், பிள்ளையைக் கைவிடவில்லை. மகளின் மணிக்கட்டை ஒரு கையாற் பற்றிக்கொண்டு மறுகையிலுள்ள தொலைபேசியிற் படம் பார்க்கும் தந்தை “பிடிச்சிருக்கிறன்” எனச் சொன்னது எழுத்தளவில் உண்மை. அவர் கொடுத்த வாக்கு அப்பொழுதே முறிந்துவிட்டது. “விடாதேங்கோ” என்ற குழந்தை வேண்டியது கையை என்று அவள் நினைத்திருக்கலாம். அவள் வேண்டியது கவனத்தை.

இதனைக்கொண்டு மாமனின் சொல் பொய்யன்று எனச் சாதிப்பது வெறுஞ் சொற்சிலம்பமாகும். அது பொய்தான். கண்டுகொண்ட பிள்ளை சிரித்தால் அப்பொய் மன்னிக்கப்பட்டது, “விட்டிட்டியள்!” என அழுதால் அவர் கணக்குக் கொடுக்கவேண்டியவர். பழகட்டும் என்று பிள்ளையைத் தூக்கி ஆழ நீரில் எறியும் வழக்கத்தை இதனோடு சேர்த்து எண்ணலாகாது. அதிற் பிழைத்து நீந்தியோர் பின்னாளில் அதனைப் பெருமையாகச் சொல்வதுண்டு. அவ்வாறு எறியப்பட்டதனாலேயே வாழ்நாள் முழுவதும் நீருக்கு அஞ்சியோர் சபைகளில் அதைப் பேசுவதில்லையாதலால், அம்முறைக்குத் தகுதிக்கு மீறிய நற்பெயர் கிடைத்துள்ளது.

பொய்யில்லாமற் கற்பிக்கும் வழியும் உண்டு. அது மெதுவானது. பூங்காவின் நேரமும் காசும் அதற்கு இடந்தருவதில்லை என்பதே அதிலுள்ள குறை. அந்தத் தந்தை அதனையே தேர்ந்தார் எனக் கொள்க. மகள் “விடுங்கோ” என்றபோது, தொலைபேசியைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, சித்தப்பாவிடம், “நான் பாக்கிறன், நீ போ” எனப் பெயர் சொல்லிப் பொறுப்பை ஏற்கின்றார். புயத்திலுள்ள பட்டைகள் விளையாட்டுப் பொருள்களேயன்றி உயிர்காக்கும் கருவிகள் அல்ல என்பதை அவர் அறிவார். “இப்ப விடப்போறன். மூண்டு எண்ணுமட்டும். பிறகு பிடிப்பன்” என்கின்றார். எண்ணுகின்றார். பிடிக்கின்றார். அடுத்தமுறையும் மூன்றுதான், அவள் ஐந்து கேட்டும் மூன்றுதான். பக்கத்திற் சறுக்கிலிருந்து வீழ்வோரின் ஆரவாரம் கேட்கின்றது. இவர்கள் வாங்கிய சீட்டில் அதற்கும் உரிமையுண்டு; அன்று அவர்கள் அதில் ஏறவில்லை.

மாலையில் பேருந்தில் ஈரத்தலையோடு மகள் உறங்கிவிடுகின்றாள். நிழலிலேயே இருந்த தாய் கேட்கின்றாள்: “பிள்ளையைத் தண்ணிக்கை தனிய விட்டனீங்களே?”

“ஓம். மூண்டு எண்ணுமட்டும்.”